பக்க விளைவு: யாருடைய பக்கம்?

1

"செவந்தா வந்து சொல்லச் சொன்னாங்க. செவக்கவே இல்லியேடா. கருத்துதான் போச்சி."

சின்னம்மா என்னிடம் சொன்ன இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வடக்குப்பட்டில் வீட்டுத் திண்ணையில், இடது கையைச் சற்றே விலக்கித் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு சொன்னார். அக்குளில் தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ரவிக்கை ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு பழைய பருத்திப் புடவை மட்டும்.

ஒரகடத்தை ஒட்டிய ஊர் வடக்குப்பட்டு. சுற்றிலும் வாகன ஆலைகள், உதிரிபாக ஆலைகள். அப்படி ஓர் ஆலையின் கேன்டீனில் ஒப்பந்தக்காரர் மூலமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் சின்னம்மா. இடது மார்பில் கட்டி வந்தது. மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ. அதற்கும் பிறகு கதிர்வீச்சு: வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரம், மொத்தம் 25 தடவை. மார்புச் சுவர், அக்குள், கழுத்தின் கீழ்ப்பகுதி.

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். தோல் சிவந்தால் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்றாவது வாரத்தில் மார்பும் காறை எலும்பை ஒட்டிய இடமும் சோற்றுச் சட்டியின் அடியைப் போலக் கருத்தன. தொட்டால் சுட்டது. எரிந்தது. ஆனால் சிவக்கவில்லை. தாளில் சொன்னது நடக்கவில்லை, அதனால் போய்ச் சொல்ல ஒன்றுமில்லை என்று சின்னம்மா இருந்துவிட்டார். நான்காவது வாரக் கடைசியில் அக்குள் புண்ணானபோது அவரிடம் கேட்ட கேள்வி: "இவ்ளோ நாள் ஏம்மா சொல்லல?"

இதை 'படிப்பறிவின்மை' என்று முடித்துவிடலாம். நம் மருத்துவச் சொல்லாடலுக்கு மிகவும் பழக்கமான முடிவு அது. ஆனால் சின்னம்மா தாளைப் படித்தார். வரிக்கு வரி நம்பினார். பிழை இருந்தது தாளில். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே எழுதப்பட்ட 'சிவந்தால்' என்கிற சொல் அங்கே பிறந்ததல்ல. அது எங்கிருந்து வந்தது, யாருடைய தோலிலிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

கதிர்வீச்சை அளக்க மனிதர்கள் பயன்படுத்திய முதல் கருவிகளுள் ஒன்று மனிதத் தோல். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதன் அளவைச் சொல்ல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அலகு 1928இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? தோலைப் பார்த்தார்கள். எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறதோ, அதற்கு 'தோல் சிவப்பு அளவு' என்று பெயர். இத்தனை பங்கு சிவப்பு அளவு என்று கணக்குப் போட்டுத்தான் சிகிச்சை தந்தார்கள். ஆளுக்கு ஆள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அது மாறியது. 1925இல் கதிர்வீச்சுத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு வரம்பு ஒன்று முன்மொழியப்பட்டபோதும், ஒரு மாதத்தில் சிவப்பு அளவில் நூற்றில் ஒரு பங்கு என்றுதான் அது சொன்னது.

ஆக, சிகிச்சையின் அளவுக்கும் உழைப்பின் பாதுகாப்புக்கும் அடியில் ஒரு நிறம் இருந்திருக்கிறது. எந்தத் தோல் இளஞ்சிவப்பாக மாறுவது கண்ணுக்குத் தெரியுமோ அந்தத் தோலின் நிறம். ஐரோப்பிய வெள்ளைத் தோல் இங்கே 'மனிதத் தோல்' ஆகிவிட்டது. எவரும் சதி செய்து இதைச் செய்யவில்லை. தங்கள் உடலைத் தவிர வேறு உடலை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை, அவ்வளவுதான். ஆதிக்கம் பெரும்பாலும் இப்படி, கவனமின்மையின் வடிவில்தான் வேலை செய்கிறது.

அலகுகள் பிறகு மாறின. இன்று கிரே என்ற அலகில் கணக்கிடுகிறார்கள், யாருடைய தோலும் தேவையில்லை. ஆனால் விளைவை மதிப்பிடும் அட்டவணையில் பழைய சிவப்பு அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் குழுவும் ஐரோப்பிய அமைப்பும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் புழங்குவது அது. சிகிச்சைக் காலத்துத் தோல் மாற்றத்தில் முதல் படி: மங்கலான சிவப்பு, முடி உதிர்தல், உலர்ந்து உரிதல், வியர்வை குறைதல். இரண்டாம் படி: பளிச்சென்ற சிவப்பு அல்லது தொட்டால் வலிக்கும் சிவப்பு, ஆங்காங்கே நீர் கசிந்து உரிதல், மிதமான வீக்கம். மூன்றாவது: மடிப்புகளைத் தாண்டிப் பரவலாக நீர் கசிதல். நான்காவது: புண், இரத்தக் கசிவு, திசு அழுகுதல்.

மேல்படிகளுக்கு நிறம் தேவையில்லை. நீர் கசிவது எந்தத் தோலிலும் தெரியும். குருட்டுத்தன்மை இருப்பது கீழ்ப்படிகளில். ஆனால் எப்போது கவனிப்பு தொடங்க வேண்டும், எப்போது களிம்பு தர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இந்தக் கீழ்ப்படிகள்தான். நம் தோலில் முதலில் வருவது பெரும்பாலும் கருமை. 'கருத்தல்' என்ற சொல் சிகிச்சைக் காலத்துக்கான அந்த நான்கு படிகளில் ஓரிடத்தில்கூட இல்லை. நிறமாற்றம் என்பது பிற்காலத்துத் தழும்புகளின் கணக்கில்தான் வருகிறது.

கருப்புத் தோல் மருத்துவத்தின் கண்ணில் படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேறு விதமாகப் பட்டிருக்கிறது. கருப்பர்களின் எலும்பு அடர்த்தியானது, தோல் தடித்தது என்ற நம்பிக்கையில், அவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிரைக் கூட்டி வைக்கும்படி அமெரிக்கத் தொழில்நுட்பப் பாடநூல்களே சொல்லிக்கொடுத்தன. 1968இல் இது பகிரங்க விவாதமான பிறகுதான் அந்த வழக்கம் ஒடுங்கியது. இந்த வரலாற்றை இதாய் பாவ்லியும் டேவிட் ஜோன்ஸும் 2022இல் விரிவாக எழுதினார்கள். தாங்கும் என்று சொல்லிக் கூடுதலாகக் கொடுப்பது ஒரு முறை. சிவக்கவில்லை என்று சொல்லிக் காணாமல் விடுவது இன்னொரு முறை. தாழ்வு என்பது தோலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்று ஃபனான் 1952இல் சொன்னார். அட்டவணையிலும் எழுதப்படுகிறது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

3

'பக்க விளைவு' என்கிறார்கள். ஒரு மையம் இருந்தால்தான் பக்கம் இருக்க முடியும். சிகிச்சைச் சொல்லாடலில் மையம் கட்டி. மற்றதெல்லாம் பக்கம்.

தோல் முற்றிலும் அலட்சியப்படுத்தப்பட்டது என்று சொன்னால் அது அநியாயம். பழைய எக்ஸ்ரே இயந்திரங்களில் கதிரின் உச்ச அளவு தோலின் மேலேயே விழுந்தது. உள்ளே இருக்கும் கட்டிக்கு வேண்டியதைக் கொடுக்க முனைந்தால் மேலே தோல் வெந்தது. கோபால்ட் 60 வந்தபோது உச்ச அளவு அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1957இலேயே கோபால்ட் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆசியாவில் அதுதான் முதல் என்று சொல்லப்படுகிறது. இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டரில் உச்ச அளவு இன்னும் ஆழத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான ஏழைகளின் தோலை இது காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் சின்னம்மாவுக்கு நடந்தது என்ன? மார்பை எடுத்த பிறகு அந்தத் தோலிலேயே நோய் திரும்பும் ஆபத்து உள்ளவர்களுக்கு, தோலுக்கும் முழு அளவு கதிர் போக வேண்டும் என்பதற்காக மார்பின்மேல் மெழுகு மாதிரியான ஒரு தகட்டை வைப்பார்கள். இவருக்கும் வைத்தார்கள். இயந்திரம் தோலை விட்டுவைக்கும். தகடு அந்தச் சலுகையை ரத்து செய்யும். அதாவது இங்கே தோலே இலக்கு. இலக்கில் விழுந்த அடியை 'பக்க' விளைவு என்று எப்படிச் சொல்வது?

இது மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் சரியான காரணத்துக்காகவே தகட்டை வைத்தார்கள். என் கேள்வி, இந்தக் காரணம் ஏன் சின்னம்மாவிடம் சொல்லப்படவில்லை என்பது. "மேல் தோல்லயும் நோய் இருக்கலாம்மா, அதனால தோலுக்கும் சேர்த்துக் குடுக்கறோம், கருக்கும், உரியும்" என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதைத் தன் சிகிச்சையாக ஏற்றிருப்பார். சொல்லாததால் அது அவருக்கு நேர்ந்த விபத்தாக ஆனது. 'பக்கம்' என்ற சொல் இந்த மௌனத்தை வசதியாக்குகிறது.

காலத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கல் இருக்கிறது. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்கள் பிரிந்து பிரிந்து மேலே வந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கதிர் தாக்குவது அந்த அடியடுக்கை. அதனால் இன்றைக்குப் பட்ட அடி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மேலே தெரியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் தோலின் நிலை மோசமாகிக்கொண்டே போகும், பிறகுதான் ஆறத் தொடங்கும். ஆக, "முடிஞ்சிடுச்சி, வீட்டுக்குப் போங்க" என்று அட்டையில் எழுதி அனுப்புகிறார்களே, உச்சம் வருவது அதற்கப்புறம். அது வருகிற இடம் வடக்குப்பட்டு. எந்த அட்டவணையும் இல்லாத இடம்.

பிறகு மாதங்கள், வருடங்கள். தோல் இறுகும். நுண் இரத்தக் குழாய்கள் வலைபோல மேலே தெரியும். வியர்வைச் சுரப்பி செத்த இடம் வியர்க்காது. கை வீங்கலாம். முன்பு கதிர் பட்ட இடம், பிறகு தரப்படும் சில கீமோ மருந்துகளால் மறுபடி சிவந்தோ கருத்தோ எரியவும் செய்யும். 1959இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இதற்குக் 'கதிர்வீச்சு நினைவு' என்றே பெயர். ஆலைக் கேன்டீனில் நீராவிக்கு முன்னால் நின்று அண்டா தூக்குகிற பெண்ணுக்கு வியர்க்காத தோலும் வீங்கிய கையும் பக்கமா, மையமா?

4

நம் ஊர்களில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வழங்கும் பெயர் 'கரண்டு வைக்கிறது.' "எங்க ஆயாவுக்குக் கரண்டு வச்சாங்க" என்று சொன்னால் போதும், விளங்கிவிடும். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புற்றுநோயைப் பற்றிய பேச்சு போரின் உருவகங்களால் நிறைந்திருப்பதையும், கதிர்வீச்சு குண்டுவீச்சாகப் பேசப்படுவதையும் சூசன் சொன்டாக் 1978இல் விமர்சித்தார். அவரே மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். நம் ஜனங்கள் போரிலிருந்து சொல் எடுக்கவில்லை. பம்புசெட்டிலிருந்து எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் வராது, ஆனால் சுடும்: இதற்கு அவர்களுக்குத் தெரிந்த பொருள் மின்சாரம். அனுபவத்துக்கு நேர்மையான சொல் அது.

ஆனால் மக்கள் மொழி என்பதாலேயே அதைக் கொண்டாடிவிடவும் கூடாது. கரண்டு பட்டவரைத் தொட்டால் தொட்டவருக்கும் ஷாக் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அர்த்தமும் சொல்லோடு சேர்ந்து வந்துவிடுகிறது. சின்னம்மாவின் பேரக் குழந்தையை 2 மாதம் அவர் மடியில் விடவில்லை. விடாதது பக்கத்து வீட்டார் அல்ல, அவரே. "கரண்டு வச்ச ஒடம்பு, புள்ளைக்கு ஆவாது" என்றார். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்காததைப் போல. இயந்திரம் நின்ற மறுகணமே குழந்தையைத் தூக்கலாம், கட்டிக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். கதிர்ப்பொருளை உடம்புக்குள் செலுத்தித் தரும் சிகிச்சைகள் வேறு, அவற்றுக்குச் சில நாள் எச்சரிக்கை உண்டு. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். யாரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் உருவகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

கருப்பு என்பது நம் அரசியலின் நிறம் என்று மேடையில் சொல்கிறோம். சட்டைக்கு அது பொருந்தியது. தோலுக்குப் பொருந்தவில்லை. 1975இல் வந்த சிவப்பழகுக் களிம்பு 2020இல்தான் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியது. நடுவில் 45 வருடம். இலக்கியத்திலும் சினிமாவிலும் நாம் என்ன செய்தோம்? 1982இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். காதலுண்டு, பாட்டுண்டு, சாவுண்டு. வெந்த தோல் இல்லை. பெண்ணின் தோலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். உரியும் தோலைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறோம்?

சின்னம்மா வேலைக்குத் திரும்பியபோது கழுத்தில் சேலைத் தலைப்புக்கு மேலே அந்தக் கருமை தெரிந்தது. "இன்னா ஒட்டுவாரொட்டியா?" என்று கூட வேலை செய்தவர் கேட்டார். சாப்பிடுகிற இடத்தில் இப்படி ஒருவர் நிற்க வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். நோய் ஆறிக்கொண்டிருந்தது, வேலை போனது நிறத்தால். தீட்டு என்ற சொல்லை எவரும் பயன்படுத்தவில்லை. இப்போதெல்லாம் அதற்குச் 'சுகாதாரம்' என்று பெயர். பாத்திரம் கழுவும் வேலை எந்தச் சாதிப் பெண்களுக்குக் கிடைக்கிறது, பரிமாறும் வேலை யாருக்கு என்பதை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஏதும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஈ.எஸ்.ஐ.யின் நீடித்த நோய்ப் பட்டியலில் 34 நோய்கள். புற்றுநோய் அதில் உண்டு. 80 சதவீதக் கூலி, 2 வருடம் வரை நீட்டிக்கும் வாய்ப்பு. நிபந்தனை: 2 வருடத் தொடர்ந்த வேலை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் இடைவெளி விழுகிறவர் இந்தத் தொடர்ச்சியை எப்படிக் காட்டுவார்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கதிர்வீச்சுக்கான செலவை ஏற்கிறது. மறுக்கவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் 5 வாரக் கூலியும், முடிந்த பிறகு தோல் ஆறும் வாரங்களின் கூலியும் எந்தத் தலைப்பிலும் வராது. அங்கேயும் தோல் பக்கத்தில்தான் நிற்கிறது.

6

மருத்துவமனையின் அதிகாரம் பார்வையில் இருக்கிறது, தொடுவதும் கேட்பதும்கூட அங்கே பார்வைக்குக் கீழ்ப்பட்டவைதான் என்று ஃபூக்கோ சொன்னதை இங்கே பலர் மேற்கோள் காட்டியிருக்கிறோம். சின்னம்மாவின் விஷயத்தில் பார்வை தோற்றது. ஜெயித்தது ஒரு நர்சம்மாவின் கை. நான்காவது வாரம், முறை மாறி வந்த அவர், நிறத்தைப் பார்க்கவில்லை. புறங்கையை மார்பில் வைத்தார். பிறகு வலது பக்கத்தில் வைத்தார். "இந்தப் பக்கம் கொதிக்குதும்மா, எத்தினி நாளா?" என்று கேட்டார். கருத்த தோலில் சிவப்பு தெரியாவிட்டாலும் சூடு தெரியும், வீக்கம் தெரியும், இழுவை தெரியும். நர்சம்மா அன்றைக்கே டாக்டரைக் கூட்டிவந்தார், பூச்சு மருந்து வந்தது, ஒட்டாத கட்டுத் துணி வந்தது. மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவலாம், கோடு அழியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதையும் அவர்தான் சொன்னார். அதுவரை சின்னம்மா பயந்து குளிக்காமலே இருந்திருக்கிறார்.

தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒன்று, தொடாததால் தெரியாமல் போகிறது. இந்த நாட்டில் தொடுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தீண்டாமையைத் தொடு உணர்வின் தத்துவப் பிரச்சினையாகச் சுந்தர் சருக்கை எழுதியிருக்கிறார். தொட மறுப்பவனும் தன் தோலை இழக்கிறான் என்ற கோணம் அதில் கிடைக்கும். நம் மருத்துவத்தை அந்தக் கோணத்திலிருந்து யாராவது எழுத வேண்டும்.

2022இல் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் தோண்டினார்கள். கற்காலக் கருவிகள் கிடைத்தன, அதற்கு மேலடுக்கில் ரோமானியத் தொடர்பைக் காட்டும் ஓடுகள் கிடைத்தன. மண்ணின் ஒவ்வொரு அடுக்கிலும் நிறம் எப்படி மாறுகிறது என்று தூரிகையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது, சின்னம்மாவும் போயிருக்கிறார். "மண்ணு கருத்தா ஏன்னு கேக்கறாங்கடா" என்று இப்போது சொல்கிறார்.

நான் புரட்சி எதையும் கோரவில்லை. ஒரு தாளைத் திருத்தச் சொல்கிறேன். அட்டவணையைத் திருத்துவது பெரிய இடத்து வேலை, ஆனால் தாள் இங்கே, தமிழில் அச்சாகிறது. அதை எழுதும் மேசையில் நம்மைப் போன்றவர்கள் யாராவது உட்கார முடியும். என்ன எழுதுவது என்று சின்னம்மாவையே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"கருத்தா வா. சுட்டா வா. எரிஞ்சா, அரிச்சா வா. ரவிக்க ஒட்டிக்கினா அன்னிக்கே வா. முடிஞ்சி ஊட்டுக்குப் போனப்புறமும் ரெண்டு வாரம் பாத்துக்கோ. புள்ளையத் தூக்கு, ஒண்ணும் ஆவாது. இப்டி எழுதியிருந்தா நான் போய்ச் சொல்லியிருப்பன் இல்ல?"